கீழ்ப்பாத்தி மண்

வியாழக்கிழமை யூஃப்ராசியின் கொட்டகையில் சேப்பங்கிழங்கு சீவும் நாள். விடிவதற்குள் தொட்டியில் தண்ணீர் நிரம்பியிருக்கும். கிழங்கைக் கொட்டி, நார் வைத்துத் தேய்த்து மண் போக்கி, ஈரம் உலர்ந்த பிறகுதான் கத்தியை எடுக்க வேண்டும். ஈரத்தோடு சீவினால் கை அரிக்கும். யூஃப்ராசியும் மகள் ஷிமேனும் முழங்கை வரை எண்ணெய் தடவிக்கொண்டு எதிரெதிரே உட்காருவார்கள். சீவியதைத் துண்டாக்கி, எலுமிச்சை பிழிந்த தண்ணீரில் அலசி, பிளாஸ்டிக் பையில் போட்டு, காற்றை உறிஞ்சி மூடும் இயந்திரத்தில் வைப்பார்கள். ஒரு மீன்கடை மூடியபோது வாங்கிய பழைய இயந்திரம் அது. சூடேறினால் லேசாக மீன் வாடை வரும்.

நான் அவர்கள் வீட்டின் கீழறையில் வாடகைக்கு இருந்தேன், சாப்பாடும் அவர்களோடுதான். லொரேன் ஊர்ப் பள்ளியில் கணக்குச் சொல்லிக்கொடுத்தேன். என் மனைவி இறந்த வருடம் அது. ஊரில் எல்லாரும் என்னிடம் பேசத் தயங்கினார்கள். என் முன்னால் பேசத் தயங்கவில்லை.

யூஃப்ராசிக்கு நாற்பத்தெட்டு வயது. ஷிமேனின் அப்பா பாரிசுக்கு வேலைக்குப் போய் அங்கேயே இருந்துவிட்டவர். அவரைப் பற்றி அவள் கோபமாகவும் பேசியதில்லை. தலைக்கூடையில் கிழங்கு சுமந்து சந்தைக்குப் போன காலத்திலேயே ஒன்றைக் கவனித்திருந்தாள். எங்கள் மார்த்தினிக் தீவில் எல்லாருக்கும் கிழங்கு பிடிக்கும், சீவத்தான் பிடிக்காது. வேலைக்குப் போகும் பெண்கள் பிரான்சிலிருந்து கப்பலில் வரும் உறைந்த உருளைக்கிழங்கை வாங்கிப் போனார்கள். இவள் சீவிக் கொடுக்க ஆரம்பித்தாள். சேப்பங்கிழங்கு, பெருவள்ளி, சீமைப்பலா. பிரான்சில் போர்தோ நகரத்தில் படித்துவிட்டு ஷிமேன் திரும்பி வந்ததும் பைக்கு ஒரு சீட்டு அச்சடித்தார்கள். அதில் யூஃப்ராசியின் முகம் இருந்தது. அந்தப் படத்தில் தான் கோபமாக இருப்பதுபோல் தெரிகிறது என்று அவள் சொல்வாள். உண்மையில் எப்போதும் அப்படித்தான் இருப்பாள்.

அந்த வருடம் பள்ளிக்கூடச் சாப்பாட்டுக்கூடங்களுக்கு உள்ளூர்க் கிழங்கு வாங்குவது என்று முடிவாயிற்று. வடக்குப் பகுதிப் பள்ளிகளுக்கு யூஃப்ராசியைக் கேட்டார்கள். அதை நம்பி அவள் குளிர் அறைக்குச் சொல்லிவிட்டாள், வங்கியும் சம்மதித்துவிட்டது. ஒன்றே ஒன்றுதான் பாக்கி. நிலத்தின் மண்ணைச் சோதிக்க வேண்டும்.

அவளுக்கு அதில் பயமில்லை. எங்கள் மலைச்சரிவு பெல்-ரிவ் வாழைத் தோட்டத்துக்கு மேலே இருந்தது. செங்குத்தான சரிவு, வாழை நிற்காது. நிற்காததால்தான் பெக்கே, அதாவது அந்தப் பழைய வெள்ளைக்காரத் தோட்டக் குடும்பம், அதைத் துண்டு போட்டு எங்களைப் போன்றவர்களுக்கு விற்றது. நல்ல நிலம் எல்லாம் கீழே அவர்களிடம் இருந்தது. கூன்வண்டைக் கொல்ல அவர்கள் வாழைக்குப் போட்ட குளோர்தெக்கோன் பொடியும் கீழேதான் இருந்தது. பிரான்சில் தடை செய்த பிறகும் தீவுகளுக்கு மட்டும் இன்னும் மூன்று வருடம் அனுமதி கொடுத்தார்கள். பொடி வாழைப்பழத்தில் ஏறாது. மண்ணில் தங்கும், மண்ணிலிருந்து கிழங்கில் ஏறும். பழம் கப்பலேறிப் போயிற்று. கிழங்கை நாங்கள் தின்றோம்.

சோதனை முடிவு ஒரு வியாழக்கிழமை வந்தது. யூஃப்ராசியின் கை முழுக்க எண்ணெய். ஷிமேன்தான் தொலைபேசியை அம்மாவின் காதில் வைத்துப் பிடித்தாள். மேல்நிலம் சுத்தம், கீழ்ப்பாத்தியில் விஷம் இருக்கிறது என்று ஆய்வுக்கூடத்துப் பெண் சொன்னாள். அளவு அதிகம், வாழைத் தோட்டத்து மண் அளவுக்கு. எப்படி என்று தெரியவில்லை, நேரில் வந்து பார்க்கிறேன் என்றாள்.

யூஃப்ராசி நன்றி சொன்னாள். ஷிமேன் தொலைபேசியை எடுத்த பிறகும் தலையைச் சாய்த்தபடியே இருந்தாள். பிறகு கையிலிருந்த கிழங்கைச் சீவி முடித்தாள். அது கீழ்ப்பாத்திக் கிழங்கு. சீவியதைத் தண்ணீரில் போடாமல் பக்கத்தில் வைத்தாள்.

எப்படி என்பது அவளுக்குத் தெரியும். எனக்கும் தெரியும். மலையில் எல்லாருக்கும் தெரியும்.

ஏழு வருடம் முன்பு வந்த புயலில் கீழ்ப்பாத்தி அப்படியே சரிந்து போயிற்று. மேல்மண் போய் மஞ்சள் பாறை தெரிந்தது. அப்போது யூஃப்ராசி குதுமேன் வைத்தாள். குதுமேன் என்றால் ஊரார் ஒன்றுகூடி ஒருத்தர் நிலத்தில் கூலியில்லாமல் உழைத்துக் கொடுப்பது. நிலத்துக்காரர் சோறு போட வேண்டும், ரம் ஊற்ற வேண்டும். மேளம் உண்டு. வருகிறவர்கள் வெறுங்கையோடு வர மாட்டார்கள். ஒருத்தர் கல் கொண்டுவருவார், ஒருத்தர் வாழைக்கன்று, ஒருத்தர் கோழி எரு. எங்கள் மலையில் இதற்கு ஒரு கட்டுப்பாடு இருந்தது. குதுமேனில் வந்ததை வேண்டாம் என்று சொல்லக் கூடாது. இன்னார் இன்னது கொண்டுவந்தார் என்று பிறகு பெயர் சொல்லவும் கூடாது. புகழ்ந்தும் சொல்லக் கூடாது, குறைத்தும் சொல்லக் கூடாது.

அன்று யூஃப்ராசியின் அண்ணன் அனிசே டிராக்டரில் மண் கொண்டுவந்தார். நான்கு வண்டி. பெல்-ரிவ்வில் முப்பது வருடம் வேலை பார்த்தவர் அவர். வாழைத்தார் கழுவும் கொட்டகைக்குக் கீழே வடிகாலில் ஒதுங்கியிருந்த கறுப்பு மண், கையில் எடுத்தால் வெண்ணெய் மாதிரி இருந்தது. மேஸ்திரியிடம் கேட்டு வாங்கியிருந்தார். முன்பே தன் வீட்டுத் தோட்டத்துக்கும் கொஞ்சம் போட்டிருந்தார். அந்தப் பாத்தியில் விளைந்த கிழங்கைப்போல மலையில் வேறெங்கும் விளையவில்லை. யூஃப்ராசி அதில் பெரியதாகப் பார்த்து வீட்டுக்கு எடுத்து வைப்பாள். போர்தோவில் மகள் படித்த காலத்தில் மாதம் ஒரு பெட்டி அங்கேயும் போயிற்று.

ஆய்வுக்கூடத்துப் பெண்ணின் பெயர் கொராலி. தலைநகர் ஃபோர்-து-பிரான்சுக்காரி, முப்பது வயது இருக்கும். பிரெஞ்சில் ஆரம்பித்து மூன்றாவது வாக்கியத்தில் எங்கள் ஊர்ப்பேச்சான கிரியோலுக்கு வந்துவிட்டாள். பாத்தி ஓரத்தில் குந்தி, துளைகுழாயை இறக்கி, மண்ணை எடுத்து உள்ளங்கையில் வைத்துப் பார்த்தாள். மேலே கறுப்பு, ஒரு முழத்துக்குக் கீழே மஞ்சள். நடுவில் கத்தியால் வெட்டியதுபோல் கோடு.

"இந்தக் கறுப்பு மண் எங்கேர்ந்து வந்துச்சு மதாம்?" என்று கேட்டாள்.

"மழை கொண்டாந்துச்சு."

கொராலி எழுந்து மேலே பார்த்தாள். மேலே யூஃப்ராசியின் மேல்நிலம். அதற்கு மேலே காடு. அதற்கும் மேலே மேகம்.

"மேல வாழையே இல்லியே மதாம்."

ஷிமேன் வாயைத் திறந்தாள், அம்மா பார்த்த பார்வையில் மூடிக்கொண்டாள்.

கொராலி அவசரப்படவில்லை. வெள்ளரியும் உப்புக் கருவாடும் கொடுத்ததைச் சாப்பிட்டாள். நிலைமையைச் சொன்னாள். விஷம் எப்படி வந்தது என்று தெரியாவிட்டால் முழு நிலத்தையும் சந்தேக நிலம் என்றுதான் எழுத முடியும், பள்ளிக்கூடம் வாங்காது. வெளியிலிருந்து வந்த மண் என்றால் அந்தப் பாத்தியோடு போயிற்று. மண்ணை எடுத்துவிட்டு மறுபடி சோதிக்கலாம். ஆனால் எடுத்த மண்ணை எங்கே போடுவது என்பதற்கு அவளிடம் பதில் இல்லை, யாரிடமும் இல்லை. அதே மண் வேறு யார் தோட்டத்துக்குப் போயிற்று என்றும் கேட்பார்கள்.

"கேக்கறது நான்தான்," என்றாள். "என்னைத் திட்டாதீங்க."

"உன்னை எதுக்குத் திட்டணும், நீ சின்னப் பொண்ணு," என்று யூஃப்ராசி சொல்லி, அவளுக்கு இன்னொரு துண்டு கருவாடு வைத்தாள்.

அந்த மாத முடிவுக்குள் பதில் சொல்ல வேண்டும் என்று ஏற்பாடு.

சனிக்கிழமை சந்தை. யூஃப்ராசியின் பலகைக்கு அடுத்தது அண்ணி ஆர்தெமிசின் பலகை. அனிசேயின் மனைவி. இருபத்தைந்து வருடமாக அதே இடம். வீட்டுத் தோட்டத்துக் கிழங்கும் முட்டையும்தான் அவள் வியாபாரம். அனிசேக்குத் தோட்ட வேலை போன பிறகு அந்தப் பலகையில்தான் வீடு நடந்தது. ஆர்தெமிசுக்கு வாய் நீளம். கிழங்கை அமுக்கிப் பார்ப்பவர்களிடம், உன் புருஷனை இப்படி அமுக்கிப் பார்த்தா கட்டினே என்பாள். நாத்தனாரின் பிளாஸ்டிக் பைகளைக் காட்டி, பல்லில்லாதவங்க அந்தப் பக்கம் போங்க என்பாள். ஆள் வந்துகொண்டே இருக்கும்.

கூட்டம் குறைந்த நேரத்தில் யூஃப்ராசி பேச்சை எடுத்தாள். ஆய்வுக்கூடத்துப் பெண் நல்ல மாதிரி, அண்ணி வீட்டுப் பக்கமும் வந்து பார்க்கட்டுமே, காசில்லை என்றாள்.

ஆர்தெமிஸ் முட்டைகளைத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை.

"மண்ணை இலவசமாப் பாப்பா. அப்புறம் என் கடையை யாரு இலவசமா நடத்துவா, நீயா?"

"தெரிஞ்சுக்கறது நல்லதுதானே அண்ணி."

"எழுதி வச்சா விஷம். எழுதாம இருந்தா கிழங்கு. உனக்குப் பள்ளிக்கூடம் எழுதிக் கேக்குது, நீ எழுதிக்கோ. என்னை எதுக்கு இழுக்கறே?"

பிறகு ஒரு கிழவர் வந்தார். ஆர்தெமிஸ் அவரைச் சிரிக்கவைத்து ஒரு டஜன் முட்டை விற்றாள். யூஃப்ராசி தன் பைகளை அடுக்கினாள். அடுக்கியதையே மறுபடி அடுக்கினாள்.

அன்று இரவுச் சாப்பாட்டின்போது ஷிமேன் சண்டை போட்டாள். வேறு யாரோ செய்த தப்புக்கு நம் வியாபாரம் ஏன் சாக வேண்டும், மாமா என்று ஒரு சொல் சொன்னால் முடிந்தது என்றாள். யூஃப்ராசி தட்டை எடுத்துக்கொண்டு எழுந்தாள். என் அண்ணன் வீட்டில் என்ன இருக்கிறது, அந்தப் பலகையைத் தவிர என்று மட்டும் சொன்னாள்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து அனிசே தங்கை வீட்டில் சாப்பிடுவது வழக்கம். ஆர்தெமிஸ் கோழிகளைப் பார்க்க வேண்டும் என்று வீட்டுக்குப் போய்விட்டாள். சிவப்பு அவரையும் பன்றிக் குழம்பும். கிழங்கு இல்லை. அனிசே அதைக் கவனித்தார், கேட்கவில்லை. அவருக்கு அறுபத்திரண்டு வயது. இரண்டு வருடம் முன்பு அறுவை சிகிச்சை ஆகியிருந்தது. அந்த நோயின் பெயரை வீட்டில் யாரும் சொல்வதில்லை. தோட்டத்தில் அவரோடு வேலை பார்த்தவர்கள் நிறையப் பேருக்கு அதே நோய்.

சாப்பாட்டுக்கு நடுவில், கீழ்ப்பாத்தி மண்ணை எடுக்கப் போவதாகவும் குதுமேன் வைக்க வேண்டும் என்றும் யூஃப்ராசி சொன்னாள்.

"எதுக்கு?" என்றார். "அந்த மண்ணுக்கு என்ன?"

யூஃப்ராசி அவருக்கு இன்னும் கொஞ்சம் அவரை போட்டாள்.

"மண்ணுக்கு என்னன்னு கேட்டேன்."

"விஷம், மாமா," என்றாள் ஷிமேன். "வாழைக்குப் போட்ட பொடி."

"நீ பேசாதே," என்றாள் யூஃப்ராசி.

அனிசே கரண்டியை வைத்தார். சத்தம் போடப்போகிறார் என்று நினைத்தேன். போடவில்லை. தன் கையைத் திருப்பிப் பார்த்தார்.

"அந்தப் பொடியை நான் கையால போட்டேன். ஒவ்வொரு மரத்துக்கும் ஒரு டப்பா. கையுறை கிடையாது, ஒண்ணும் கிடையாது. பன்னெண்டு மணிக்கு ஓடையில கையை அலம்பிட்டு அதே கையால ரொட்டி தின்னேன். என்கிட்ட யாரும் விஷம்னு சொல்லலை. மருந்துன்னு சொன்னாங்க. வாழைக்கு மருந்து." பிறகு தங்கையிடம், "அந்தப் பொண்ணுகிட்ட என்ன சொன்னே?" என்று கேட்டார்.

"மழை கொண்டாந்துச்சுன்னு சொன்னேன்."

அனிசே வாயிலிருந்ததை மென்றுகொண்டே இருந்தார். தோள் குலுங்கிற்று. சிரிக்கிறார் என்று புரிய எனக்குச் சற்று நேரமாயிற்று.

"மழை நம்ம ஊர்ல கீழேர்ந்து மேல பெய்யுதாக்கும்."

யூஃப்ராசியும் சிரித்தாள். சிரித்துவிட்டுக் கண்ணைத் துடைத்தாள். பிறகு அவர் எழுந்து தொப்பியை எடுத்துக்கொண்டார்.

"அடுத்த ஞாயிறு ஆளுங்களைக் கூப்பிடு. டிராக்டர் நான் கொண்டாறேன்."

ஆட்கள் வந்தார்கள். எதற்கு என்று யாரும் கேட்கவில்லை. மேளக்காரர் வந்து மேளத்தைத் திண்டு மேல் வைத்தார், அடிக்கவில்லை. காலையில் பெலே மலைப் பக்கமிருந்து ஒரு மழை வந்து நின்றது. மண் கனத்துப்போயிருந்தது. மண்வெட்டி, கூடை, வண்டி. நானும் அள்ளினேன். உடம்பு வேலை செய்யும்போது நன்றாக இருந்தது. மஞ்சள் பாறை தெரியும் வரை சுரண்டினோம். பெண்கள் துடைப்பத்தால் பெருக்கினார்கள், வீட்டுத் தரையைப் பெருக்குவது மாதிரி.

முதல் வண்டி நிறைந்ததும் அனிசே இரண்டு ஆட்களோடு என்னையும் ஏறிக்கொள்ளச் சொன்னார். எங்கே என்று கேட்டேன். அது எங்கிருந்து வந்ததோ அங்கே என்றார்.

பெல்-ரிவ்வில் இப்போது பாதிதான் வாழை. தார் கழுவும் கொட்டகையை இடித்து அந்த இடத்தில் சுற்றுலாக்காரர்களுக்கு விடுதி கட்டியிருந்தார்கள். வாசலில் புதுக் கதவு. காவலுக்கு இருந்த பையனுடைய அப்பாவை அனிசேக்குத் தெரியும். அப்பா எப்படி இருக்கிறார் என்று கேட்டார். படுத்திருக்கிறார் என்றான். வடிகால் மண்ணைத் திருப்பிக் கொண்டுவந்திருக்கிறேன், பழைய இடத்தில் கொட்டிவிட்டுப் போகிறேன் என்று அனிசே சொன்னார். பையன் மேலாளருக்குத் தொலைபேசி செய்தான். நாங்கள் காத்திருந்தோம். உள்ளே நீச்சல் குளத்தில் யாரோ குதிக்கும் சத்தம் கேட்டது.

பையன் திரும்பி வந்தான். தரையைப் பார்த்துக்கொண்டு பேசினான்.

"வெளி மண்ணை உள்ள விடக் கூடாதாம், மாமா."

"வெளி மண்ணா?"

"அப்படித்தான் சொன்னாரு."

டிராக்டரைத் திருப்ப அங்கே இடம் போதவில்லை. பையன்தான் பின்னால் நின்று கை காட்டினான்.

மலை ஏறும்போது அனிசே தங்கை வீட்டுப் பக்கம் திரும்பாமல் நேராகத் தன் வீட்டுக்கு விட்டார். ஆர்தெமிஸ் படியில் உட்கார்ந்திருந்தாள். குதுமேனுக்கு அவள் வரவில்லை. அனிசே வண்டியைப் பின்னுக்குத் தள்ளி, அவளுடைய கிழங்குப் பாத்திகளின் மேல் கொட்டினார். கொடிகள் மண்ணுக்கடியில் போயின. கூட வந்த ஆட்கள் தூரத்தில் நின்றார்கள்.

"இங்க ஏற்கெனவே இருக்கு," என்றார் அனிசே. மனைவியிடமா எங்களிடமா என்று சொல்ல முடியாது. எல்லாருக்கும் கேட்டது.

ஆர்தெமிஸ் எழுந்தாள். சத்தம் போடுவாள் என்று எல்லாரும் எதிர்பார்த்தார்கள். அவள் கோழிகளை ஒவ்வொன்றாகப் பிடித்துக் கூண்டில் அடைத்தாள். ஒரு சேவல் மட்டும் மண்மேட்டின் மேல் ஏறிக்கொண்டு வர மறுத்தது. அதை விட்டுவிட்டு உள்ளே போனாள்.

இன்னும் மூன்று வண்டி அடித்தோம். யூஃப்ராசி சோறு போட்டாள். நன்றாகச் சாப்பிட்டார்கள்.

அடுத்த சனிக்கிழமை சந்தையில் எல்லாரும் ஆர்தெமிசுக்கு வணக்கம் சொன்னார்கள். அனிசேயின் உடம்பை விசாரித்தார்கள். ஆனால் வாங்கியது மற்றப் பலகைகளில். யாரும் எதையும் பெயர் சொல்லவில்லை. அவள் மத்தியானம் வரை இருந்துவிட்டு, முட்டைகளைத் துணியில் கட்டி எடுத்துப் போனாள். அதற்கடுத்த சனிக்கிழமை பலகை காலியாக இருந்தது.

கொராலி வந்து பாறையைப் பார்த்தாள், ஓரங்களில் மண் எடுத்தாள். மண் எங்கே போயிற்று என்று கேட்டாள். யூஃப்ராசி இந்த முறை சொன்னாள். அனிசே சொல்லச் சொல்லியிருந்தார். முடிவு சுத்தம் என்று வந்தது. பள்ளிக்கூடங்களோடு கையெழுத்தாயிற்று. குளிர் அறை லாரியில் வந்து, வளைவில் மாட்டிக்கொண்டு, ஒரு மாமரக் கிளையை முறித்துக்கொண்டு வந்து சேர்ந்தது.

பள்ளிக்கூடத்துக்கு முதல் முறை அனுப்ப வேண்டிய வாரம், வியாழக்கிழமை. மூன்று புதுப் பெண்களைச் சேர்த்திருந்தாள் யூஃப்ராசி. அவர்கள் இன்னும் வரவில்லை. வாசலில் ஆர்தெமிஸ் நின்றாள். சொந்தக் கத்தி கையில் இருந்தது.

"கூலிக்கு வரலை," என்றாள், உட்காரும் முன்பே.

"வேற எதுக்கு?"

"மேல்நிலத்துல மூணுல ஒரு பங்கு எனக்கு விடு. அங்க விளையறது என் பலகைல விக்கும். அதுக்கு நான் வியாழக்கிழமை வந்து சீவறேன்."

யூஃப்ராசி யோசித்தாள். அந்த யோசனையில் இரக்கம் இருந்ததாக எனக்குத் தோன்றவில்லை. நாலில் ஒன்று என்றாள். என் வீட்டில் வந்து விழுந்தது நாலு வண்டி, நாலில் ஒன்றா என்றாள் ஆர்தெமிஸ். கடைசியில் மூன்றில் ஒன்றுதான், ஆனால் ஓடையை ஒட்டிய பக்கம் இல்லை என்று முடிந்தது. ஷிமேன் நகர்ந்து இடம் விட்டாள். ஆர்தெமிஸ் எண்ணெய் தடவிக்கொண்டு உட்கார்ந்தாள்.

தகரத்தின் மேல் மழை விழ ஆரம்பித்தது. மூன்று பேரும் சீவினார்கள். கொஞ்ச நேரத்தில் யூஃப்ராசியின் கை நின்றது. அவள் அண்ணியின் காலடியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அங்கே கிடந்த தோல் விரல் தடிமன் இருந்தது. தடிமனாகச் சீவினால் விஷம் குறையும் என்று வானொலியில் எப்போதோ சொன்னார்கள். பாதிக் கிழங்கு வீணாகும் என்று மலையில் யாரும் அதைச் செய்வதில்லை.

"அண்ணி, இது மேல்நிலத்துக் கிழங்கு."

"தெரியும். கைப்பழக்கம்."

"எப்பலேர்ந்து?"

ஆர்தெமிஸ் அடுத்த கிழங்கை எடுத்தாள்.

"உங்கண்ணன் எங்க வீட்டுல முதல் வண்டி மண்ணைக் கொட்டின நாள்லேர்ந்து. எந்த வடிகால்னு எனக்குத் தெரியாதா? அந்தக் கொட்டகைல தார் கழுவினவ நான்."

ஷிமேன் அம்மாவைப் பார்த்தாள்.

"வித்தியே," என்றாள் யூஃப்ராசி.

"தோலோடதானே வித்தேன். வாங்கினவங்க எப்படிச் சீவினாங்கன்னு நானா பாக்க முடியும்?"

"எனக்காவது சொல்லியிருக்கலாம். இவளும் அந்தப் பாத்திக் கிழங்கைத்தான் தின்னா."

"குதுமேன்ல வந்ததை எப்படிச் சொல்றது?"

மழை வலுத்தது. யூஃப்ராசி எண்ணெய்க் கிண்ணத்தில் கையை விட்டு, மணிக்கட்டு வரை தடவிக்கொண்டு, கத்தியை எடுத்தாள்.

"மெல்லிசாச் சீவு அண்ணி," என்றாள். "எடை குறையும்."